ஏழையின் கருவிக்கும் ஓர் இல்லம்

ஒரு நாட்டின் பெருமையை அறிய வேண்டுமானால் அந்நாட்டின் அருங்காட்சியகங்களைக் காண வேண்டும் என்று சொல்வார்கள். நாமும் அதை நம்பி, எந்த ஊருக்குச் சென்றாலும் அங்குள்ள பெரிய கட்டடத்தைத் தேடிப் போகிறோம். அங்கே மன்னன் அணிந்த மணிமுடி இருக்கும். அவன் ஏந்திய வாள் இருக்கும். அவன் அமர்ந்த அரியணை இருக்கும். வாய் பிளந்து பார்த்துவிட்டு வெளியே வருகிறோம். ஆனால் அந்த மன்னனுக்குச் சோறு பொங்கிய பானை எங்கே? அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்தவன் பிடித்த கலப்பை எங்கே? அவன் மனைவி தேங்காய் துருவிய துருவி எங்கே? இவ்வினாக்களைப் பெரிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இவ்வினாக்களையே தலைமேற்கொண்டு எழுந்த சிறிய அருங்காட்சியகம் ஒன்று தாய்லாந்து நாட்டில் உண்டு. பிட்சனுலோக் என்னும் ஊரில் உள்ள 'சார்ஜண்ட் மேஜர் தவீ நாட்டுப்புற அருங்காட்சியகம்' என்பது அதன் பெயர். அதனுள் நம் கல்லூரி நண்பர்களை ஒருமுறை அழைத்துச் சென்று, அது நம் சிந்தனையில் எழுப்பும் ஒரு கருத்தை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் மனிதரும்

பாங்காக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தொலைவில், 'நான்' என்ற பெயர் கொண்ட ஆற்றின் கரையில் அமைந்த பழைய ஊர் பிட்சனுலோக். விஷ்ணுலோகம் என்னும் வடசொல்லே அந்நாட்டார் நாவில் பிட்சனுலோக் ஆயிற்று. ஊரின் பெயர் திருமாலுக்கு உரியது. ஊரின் புகழோ புத்தர் சிலை ஒன்றினால் வந்தது. அங்குள்ள பெரிய கோயிலில் வீற்றிருக்கும் 'சின்னராஜ்' புத்தர், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் வெண்கலச் சிலை. தம் நாட்டுப் புத்தர் சிலைகளுள் மிக அழகியவற்றில் இதுவும் ஒன்று என்று தாய்லாந்து மக்கள் போற்றுகின்றனர்.

இவ்வளவு பழைமையான ஊரில் பழைய வீடுகள் மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். 1957இல் எழுந்த பெருந்தீ நகரின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. மரத்தால் கட்டிய வீடுகள் சாம்பலாயின. அந்தச் சாம்பலின்மேல் எழுந்தது கான்கிரீட் நகரம்.

இந்த ஊரில் வாழ்ந்தவர் தவீ புரணக்கேத். படையில் பணிபுரிந்து சார்ஜண்ட் மேஜர் நிலைக்கு உயர்ந்தவர். அந்தப் பதவிப் பெயரைச் சுருக்கி ஊரார் அவரைச் 'சா தவீ' என்றே அழைத்தனர். தொழிலால் அவர் சிற்பி. புத்தர் சிலைகளை வார்க்கும் பட்டறை ஒன்றை நிறுவியவர். உழவர்களும் மீனவர்களும் இல்லத்தரசிகளும் அன்றாடம் கையாண்ட கருவிகள் தம் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைவதைக் கண்ட அவர், அவற்றைத் திரட்டத் தொடங்கினார். 1983இல் அத்திரட்டு அருங்காட்சியகமாக மலர்ந்தது. அரசு கட்டிய மாளிகை அன்று அது. தனி மனிதர் ஒருவரின் முயற்சி. விசுத் கசத் சாலையில், தோட்டத்தின் நடுவே, பழைய பாணியில் அமைந்த மர வீடுகள் சில. அவ்வளவுதான் அருங்காட்சியகம்.

பாங்காக்கின் தேசிய அருங்காட்சியகத்தை எண்ணிப் பாருங்கள். 1874இல் சூலலங்கரண் மன்னர் அரண்மனையில் அமைத்த காட்சிக்கூடத்திலிருந்து வளர்ந்தது அது. அரசரின் சேகரிப்பில் அரசரின் பொருள் இருப்பது இயற்கை. சிப்பாயின் சேகரிப்பில் குடியானவனின் பொருள் இருப்பதும் அதே அளவு இயற்கை. யார் சேர்க்கிறார் என்பதே எது எஞ்சும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதை நாம் முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

முயலின்மேல் அமர்ந்த மங்கை

உள்ளே நுழைந்தால் சமையல் கருவிகள் நம்மை நிறுத்திவிடுகின்றன. அவற்றுள் ஒன்று தேங்காய்த் துருவி. தாழ்வான மரப்பலகை, அதன் முன்பக்கத்தில் பற்களோடு கூடிய இரும்பு நாக்கு. பலகையின்மேல் அமர்ந்து, தேங்காய் மூடியை இரு கைகளாலும் பிடித்து, அந்தப் பற்களில் தேய்த்துத் துருவ வேண்டும். நம் வீட்டு அரிவாள்மணையின் நுனியில் பூப்போல விரிந்திருக்கும் பல்வட்டத்தை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் தாய்லாந்துத் துருவியில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதை அவர்கள் 'கிரதாய்' என்று அழைக்கிறார்கள். கிரதாய் என்றால் முயல். முன்னே நீண்டிருக்கும் இரும்புப் பற்கள் முயலின் பற்களைப் போல் இருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். பெயர் வந்த பிறகு தச்சன் சும்மா இருப்பானா? பலகையையே முயலாகச் செதுக்கினான். நீண்ட காது, மடக்கிய கால், உருண்ட முதுகு. வேறு விலங்குகளின் உருவிலும் செதுக்கினான். சமையற்கட்டின் மூலையில் கிடக்கும் கருவிக்கு இத்தனை அழகு எதற்கு என்று கேட்கலாம். நாள்தோறும் அதன்மேல் அமர்ந்து உழைக்கப் போகிறவள் தன் மனைவியோ மகளோ அன்றோ? அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மலரட்டும் என்று அவன் எண்ணியிருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே கருவிக்கு வட தாய்லாந்தில் 'மேயோ' என்று பெயர், அதாவது பூனை. தென் தாய்லாந்தில் 'லெக் கூத்' என்பார்கள். அங்கே விலங்கு ஏதும் இல்லை, துருவும் இரும்பு என்பதே பொருள். கருவி ஒன்று, பெயரோ வட்டாரத்திற்கு ஒன்று. முயலைக் கண்டவன் ஒருவன், பூனையைக் கண்டவன் ஒருவன், வெறும் இரும்பைக் கண்டவன் ஒருவன். மக்கள் உலகத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பது இத்தகைய பெயர்களில் ஒளிந்திருக்கிறது.

துருவிய பூவைப் பிழிந்து முதலில் எடுக்கும் கெட்டிப் பாலை அவர்கள் 'தலை' என்றும், மீண்டும் நீர் ஊற்றிப் பிழியும் இளம்பாலை 'வால்' என்றும் சொல்வர். தலை எதற்கு, வால் எதற்கு என்பதில்தான் சமையலின் சூட்சுமம் இருந்தது. இன்று சந்தையில் இயந்திரம் நொடியில் துருவித் தந்துவிடுகிறது. கடையில் காகிதப் பெட்டியில் அடைத்த தேங்காய்ப்பால் கிடைக்கிறது. பெட்டியை வெட்டி ஊற்றுபவளுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை, முயலும் இல்லை.

மூங்கில் சொல்லும் நீரின் கதை

அடுத்து நம் கண்ணைக் கவர்வன பொறிகள். எலிக்குப் பொறி, பறவைக்குப் பொறி, மீனுக்குப் பொறி. இவற்றுள் மீன் பொறிகளே மிக நுட்பமானவை.

'லோப்' என்பது மூங்கில் சிம்புகளால் பின்னிய நீண்ட கூடு. ஓடும் நீரில் படுக்க வைப்பது ஒரு வகை. ஆழமான நீரில் நிமிர்த்தி வைப்பது இன்னொரு வகை. 'சை' என்பது வயல் வரப்பின் மடைவாயில் வைக்கும் சிறிய பொறி. 'சும்' என்பது மணியின் வடிவில் மேலும் கீழும் திறந்திருக்கும் கூடை. முழங்கால் அளவு நீரில் நடந்துகொண்டே அதைச் சட்டென்று அமுக்கி, உள்ளே அகப்பட்ட மீனை மேல்வாய் வழியாகக் கைவிட்டு எடுப்பார்கள். நம் சிற்றூர்களில் 'ஊத்தா' என்று வழங்கும் கருவியும் இத்தகையதே. பிடித்த மீனை இடுப்பில் கட்டிக்கொள்ளும் குறுகிய கழுத்துடைய கூடை 'கோங்'. நம் 'பறி' போன்றது.

லோப்பிலும் சையிலும் மீன் நுழையும் வாயில் கூரிய மூங்கில் சிம்புகள் உள்நோக்கிச் சரிந்து நிற்கும். உள்ளே போகும் மீனுக்கு அவை வளைந்து வழிவிடும். வெளியே வர முயன்றால் ஈட்டிபோல் தடுக்கும். இந்தச் சிம்பு வாயிலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஙா'. ஙா என்றால் யானைத் தந்தம். நம் மொழியில் சொல்லின் முதலில் மிக அரிதாகவே வரும் ங என்னும் எழுத்து, அங்கே ஒரு மீன் பொறியின் வாயில் அமர்ந்திருக்கிறது!

இப்பொறிகளை வெறும் கைவேலையாக மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு பொறியும் ஒரு நீரியல் பாடம். மழைக்காலத்தில் ஆறு பெருகி வயல்களில் நீர் பரவும். ஆற்று மீன்கள் வயலுக்குள் ஏறி வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். மழை ஓய்ந்து நீர் வடியும்போது அவை மீண்டும் வாய்க்காலுக்கு இறங்கும். ஏறும் காலத்தில் பொறியின் வாய் ஒரு திசையில். இறங்கும் காலத்தில் மறு திசையில். நீரின் வேகம் என்ன, ஆழம் என்ன, எந்த மீன் அடியில் ஓடும், எது மேலே துள்ளும் என்பதெல்லாம் பொறியின் நீளத்திலும் சிம்புகளின் இடைவெளியிலும் எழுதப்பட்டிருக்கிறது. சிறு குஞ்சுகள் இடைவெளி வழியே தப்பிச் செல்லும். அவை அடுத்த ஆண்டுக்கான விதை.

'நான்' ஆற்றின் மேற்பகுதியில் கட்டப்பட்ட சிரிகித் அணை 1970களில் செயல்படத் தொடங்கியது. வெள்ளம் கட்டுக்குள் வந்தது. பாசன வசதி பெருகியது. ஒரு போகம் விளைந்த இடத்தில் இரு போகம் விளையலாயிற்று. பூச்சி மருந்தும் வந்தது. நைலான் வலையும் வந்தது. இவற்றால் உழவன் பெற்ற நன்மையை மறுக்க முடியாது. ஆனால் வயலுக்குள் மீன் ஏறி வந்த அந்தப் பழைய ஒழுங்கு தளர்ந்தது. மீன் வராத மடைவாயில் பொறிக்கு என்ன வேலை? பொறி மறையும்போது, நீரைப் படிக்கத் தெரிந்த ஒரு கல்வியும் சேர்ந்தே மறைகிறது.

அருங்காட்சியகம் இவற்றையெல்லாம் கூச்சமின்றிக் காட்டுகிறது. கத்தியின்றிக் காளைக்குக் காயடிக்கும் பழைய முறையைக்கூட அது விளக்கி வைத்திருக்கிறது. முகம் சுளிப்பவர் சுளிக்கட்டும். உழவன் வாழ்வில் அதுவும் ஒரு பகுதி. பொருளோடு விளக்கக் குறிப்பும் இருப்பதே அவ்விடத்தின் பெருஞ்சிறப்பு. இது எதற்குப் பயன்பட்டது, எப்படிப் பயன்பட்டது என்று அறிந்துகொண்டு நகர முடிகிறது.

ஆணையிட்டு அழித்த வழக்கம்

கருவிகள் மறைவதற்குக் காலமாற்றம் ஒன்றே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. வெற்றிலைத் தட்டின் கதை வேறு.

தாய்லாந்து நாட்டுப்புற அருங்காட்சியகங்களில் வெற்றிலைத் தட்டு தவறாமல் இடம்பெறும். சுண்ணாம்புச் சிமிழ், பாக்குவெட்டி, சிறு கிண்ணங்கள், பல் போன முதியோர் வெற்றிலை பாக்கை இடித்துக்கொள்ளும் குழல் வடிவ உரல் ஆகியன அதில் அடங்கும். நம் பாட்டிமார்களின் வெற்றிலைச் செல்லத்தை நினைவூட்டும் பொருள்கள். பிரபுக்களுக்கு அவரவர் தகுதிக்கேற்ப வெற்றிலைத் தட்டு வழங்குவது அந்நாட்டு மன்னர்களின் வழக்கமாகவும் இருந்தது. மரத்தில், பித்தளையில், வெள்ளியில், அரக்குப் பூச்சில் எத்தனையோ கைவினைஞர்கள் இதனால் பிழைத்தார்கள்.

1938 முதல் 1944 வரை தலைமையமைச்சராக இருந்த பிபூன் சொங்கிராம், நாட்டை 'நாகரிகம்' அடையச் செய்யப் பல ஆணைகள் பிறப்பித்தார். 1939இல் சயாம் என்ற பெயர் தாய்லாந்து என்று மாறியது. மக்கள் தொப்பி அணிய வேண்டும் என்றார்கள். மேனாட்டு முறையில் உடுக்க வேண்டும் என்றார்கள். வெற்றிலை போடுவதையும் தடுத்தார்கள். வெற்றிலை பாக்கினால் வாய்க்கு விளையும் கேட்டை இன்றைய மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே அவ்வழக்கம் குறைந்ததற்காக நாம் அழ வேண்டியதில்லை. ஆனால் அன்று ஆண்டவர்களின் பேச்சில் முன்னின்றது வேறொன்று. சிவந்த வாயைக் கண்டு வெள்ளைக்காரன் என்ன நினைப்பான் என்ற கூச்சம் அது. தன் மக்களின் பழக்கத்தைப் பிறர் கண்ணால் பார்த்து நாணிய கூச்சம்!

இது தாய்லாந்துக்கு மட்டும் உரிய நோய் அன்று. பழைய பொருள்களை நாம் பரணுக்கு ஏற்றுவதும், பின்பு பழைய இரும்புக்காரனிடம் போடுவதும், இடம் போதாமையால் மட்டும் நிகழ்வனவா? விருந்தினர் கண்டால் நம்மைப் பட்டிக்காட்டார் என்பாரோ என்ற அச்சமும் அதில் இல்லையா? பயன் போனதால் ஒரு பொருள் மறைந்தால் அது இயற்கை. நாணத்தால் மறைந்தால் அது நம் குற்றம்.

சாலைக்கு எதிர்ப்புறம்

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து சாலையைக் கடந்தால் தவீ நிறுவிய வார்ப்புப் பட்டறை. இங்கே கலை கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. நெருப்பிலும் புகையிலும் உயிரோடு இருக்கிறது.

களிமண்ணால் ஒரு கரு செய்கிறார்கள். அதன்மேல் மெழுகைப் போர்த்தி, கண்ணும் மூக்கும் விரலும் மடிப்பும் அந்த மெழுகில் தீட்டுகிறார்கள். மெழுகின்மேல் மீண்டும் மண்ணைப் பூசி உலர்த்திச் சூடேற்றுகிறார்கள். மெழுகு உருகி ஓட, அது விட்டுச்சென்ற இடைவெளியில் உருகிய வெண்கலம் பாய்கிறது. ஆறிய பின் மண்ணை உடைத்தால் உள்ளே புத்தர். பின்பு அராவுதல், மெருகிடுதல், அரக்கு பூசுதல், பொன் தாள் ஒட்டுதல். நம் சுவாமிமலை ஸ்தபதியார் இதைக் கண்டால் உறவினரைக் கண்டதுபோல் மகிழ்வார். ஒரே வேறுபாடு: சுவாமிமலையில் சிலை பெரும்பாலும் உள்ளே கெட்டியாக வார்க்கப்படும். அங்கே உள்ளே மண் கரு இருப்பதால் வெண்கலம் தோல்போல் மேலே படியும்.

இக்கலை உயிரோடு இருந்ததால் அந்த ஊர் அடைந்த நன்மை ஒன்று உண்டு. பாங்காக்கில் தாம் கட்டிய பளிங்குக் கோயிலுக்குச் சின்னராஜ் புத்தரின் உருவம் வேண்டும் என்று சூலலங்கரண் மன்னர் விரும்பினார். ஊர் மக்கள் உயிராய்ப் போற்றிய சிலையைப் பெயர்த்தெடுக்காமல், 1901இல் பிட்சனுலோக்கிலேயே அதன் படியை வார்க்கச் செய்தார். படி தலைநகருக்குப் போயிற்று. மூலம் ஊரிலேயே தங்கிற்று. வார்க்கத் தெரிந்த கைகள் இருந்தன. ஆதலால் ஊர் தன் செல்வத்தை இழக்கவில்லை.

இரண்டு எதிர்வாதங்கள்

'தேங்காய்த் துருவியையும் மீன் பொறியையும் காப்பாற்றி என்ன பயன்? மீண்டும் அந்தக் காலத்துக்குப் போகச் சொல்கிறீர்களா?' என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முயலின்மேல் அமர்ந்து நாள்தோறும் தேங்காய் துருவிய பெண்ணின் முதுகு வலித்திருக்கும். இயந்திரம் அவளுக்கு விடுதலை தந்தது. அதைப் பறிக்க வேண்டும் என்பார் எவரும் மனிதநேயம் உடையவராக இருக்க முடியாது. துருவியைக் காப்பது துருவுவதற்காக அன்று. இத்தனை தலைமுறைகள் எப்படி உழைத்தன, அந்த உழைப்புக்கு நடுவிலும் எப்படி அழகைக் கண்டன என்பதை அறிவதற்காக. அரசர்களின் பொருள் கல்லாலும் பொன்னாலும் ஆனது, தானே நிலைக்கும். ஏழையின் பொருள் மூங்கிலாலும் பிரம்பாலும் மரத்தாலும் ஆனது. ஈரமும் கரையானும் சில ஆண்டுகளில் தின்றுவிடும். பாதுகாப்பு யாருக்குத் தேவை? நிலைப்பதற்கா, அழிவதற்கா?

'நல்ல கைவினை எதுவானாலும் சந்தை அதைக் காப்பாற்றிவிடும், அருங்காட்சியகம் எதற்கு?' என்பது இரண்டாவது வாதம். இதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றார். பாங்காக்கில் பான் குருவா நெசவாளர் குடியிருப்புக்கு எதிர்க்கரையில், பழைய தேக்கு வீடுகளை இணைத்து 1959இல் அவர் அமைத்த இல்லம் புகழ்பெற்ற அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் அவர் காணாமற்போனார். பட்டுத் தொழில் நின்றுவிடவில்லை. சிரிகித் அரசியார் 1976இல் கைவினைஞருக்காக ஓர் அறநிறுவனம் தொடங்கினார். 2001இல் ஊருக்கு ஒரு பொருள் என்ற அரசுத் திட்டமும் வந்தது. இவை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டவை, பாராட்டத் தக்கவை.

ஆனால் சந்தை எதைக் காக்கும்? விற்பதைக் காக்கும். பட்டு விற்கும், வெள்ளி விற்கும். எலிப்பொறி விற்குமா? மேலும், சந்தை காக்கும்போது பொருளின் தன்மையும் மாறிவிடுகிறது. 'சை' என்னும் மீன் பொறியை இன்றும் தாய்லாந்துக் கடைகளில் காணலாம். கையளவே உள்ள சிறிய சை. செல்வத்தைப் பிடித்துத் தரும் என்ற நம்பிக்கையில் வணிகர்கள் அதை வாங்கித் தொங்கவிடுகிறார்கள். அயிரை மீன்கூட நுழைய முடியாத பொறியில் பணம் மட்டும் வந்து விழ வேண்டுமாம்! உருவம் பிழைத்தது, பயனும் அறிவும் போயின. விலைபோகாத பொருளுக்கும், விலைபோனதால் திரிந்த பொருளுக்கும், உண்மை நினைவைச் சுமக்கும் இடம் ஒன்று வேண்டும். அந்த இடம் தவீயின் இல்லம் போன்ற சிறிய அருங்காட்சியகமே.

ஒரு கல் சொன்ன பெயர்

பொருளை மட்டும் காத்தால் போதுமா? போதாது என்பதற்குத் தாய்லாந்திலேயே ஒரு சான்று இருக்கிறது. அது தமிழராகிய நம்மை நேரே தொடும் சான்று.

தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குளோங் தோம் என்னும் ஊர் உண்டு. பழங்காலத்தில் கடல் வணிகம் செழித்த இடம். மண்ணைக் கிளறினால் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் கிடைக்கும் பூமி. அங்குக் கிடைத்த பொருள்களுள் ஒன்று சிறிய உரைகல். பொன்னின் மாற்றை அறியப் பொற்கொல்லன் உரசிப் பார்க்கும் கல். அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தில் அது இடம்பெற்றது. அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில், தமிழ்மொழியில், 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லனுடைய கல் என்று அறிஞர்கள் பொருள் கூறினர். காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு.

எண்ணிப் பாருங்கள். அந்தக் கல்லின்மேல் எழுத்து இல்லாதிருந்தால் அது என்ன? கறுத்த சிறு கல். உரைகல் என்று கண்டறிந்தாலும் யாருடையது, எந்த நாட்டான் கொண்டுவந்தது என்று சொல்ல வழியில்லை. கடல் கடந்து சென்ற ஒரு தொழிலாளி, தன் கருவி பிறர் கருவியோடு கலந்துவிடக் கூடாது என்று பெயர் பொறித்தான். மன்னன் புகழ் பாட எழுதிய கல்வெட்டு அன்று அது. தன் தொழிற்கருவியின்மேல் ஓர் உழைப்பாளி எழுதிய இரண்டே சொற்கள். அவ்விரு சொற்கள் 1,600 ஆண்டுகளுக்கு மேலாக அவனை உயிரோடு வைத்திருக்கின்றன.

இதிலிருந்து நான் கொள்ளும் கருத்து இதுதான்: பொருளைக் காப்பது பாதி வேலை, அதன் பெயரையும் பயனையும் காப்பது மறுபாதி. முயல் என்ற பெயர் மறந்துபோனால், அந்தத் துருவி பற்கள் வைத்த பலகையாகிவிடும். ஙா என்ற சொல் மறந்துபோனால், பொறியின் வாய் உடைந்த மூங்கில் சிம்புகளாகிவிடும். கருவி ஊமை, அதற்கு நாக்கு அதைக் கையாண்டவன் சொல்லே.

நாம் செய்யக் கூடியது

அருங்காட்சியகம் என்றால் அரசு கட்ட வேண்டும், கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்று நாம் கைகட்டி நிற்கிறோம். தவீயின் செயல் அந்த எண்ணத்தைத் தகர்க்கிறது. ஒரு மனிதரின் ஆர்வமும் சில மர வீடுகளும் ஓர் ஊரின் வாழ்வைத் தாங்கி நிற்கின்றன.

நம்மில் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். நம் வீட்டு மாட்டுக்கொட்டகையின் இறவாணத்தில் இன்னும் ஏதோ ஒன்று செருகியிருக்கும். பரணில் ஏதோ ஒன்று தூசி படிந்து கிடக்கும். அவற்றைச் சேர்க்கக் கட்டடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு கேள்விகள் கேட்போம். இதன் பெயர் என்ன? பக்கத்து ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டா? இதைச் செய்தவர் யார்? இதைக் கையாண்டது எப்படி? விடையை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுவோம். பாடநூல் தமிழுக்கு மாற்றி அழகுபடுத்த வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது சாலை போடுவதோடு ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம். தமிழ்த்துறையும் வரலாற்றுத் துறையும் இணைந்து, கல்லூரியின் ஓர் அறையில் ஓர் அலமாரியை இதற்கென அளிக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் இதைத் தம் மாணவர்க்குரிய ஆய்வுப் பணியாகவும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

காலம் நமக்காகக் காத்திருக்காது. மூங்கிலைக் கரையான் தின்னும் வேகத்தைவிட, அதன் பெயரை அறிந்தவர்கள் மறையும் வேகம் மிகுதி. பொறி பின்னத் தெரிந்த முதியவர் ஒருவர் இறந்தால், அவரோடு இருபது சொற்களாவது போய்விடும். அவற்றை எந்த அகராதியிலும் தேடிப் பெற முடியாது. கேட்டால் சொல்ல அவர்கள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். இந்த விடுமுறையிலேயே போய்க் கேட்போமாக!